அக்கா வீட்டு லேப்டாப்புக்கு ஓ.எஸ். போட்டேன்

அத்தானுடைய உயிர் ஒரு பழைய லேப்டாப்புக்குள் இருக்கிறது என்பது அதைக் கையில் வாங்கும்போதே எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் வாங்கினேன். என் அறிவு அவ்வளவுதான்.

அத்தான் என்றால் என் அக்கா வீட்டுக்காரர். தூத்துக்குடியில் சங்கு குளிக்கப் போகிறவர். படகில் கம்ப்ரசர் ஓடும். அதிலிருந்து போகும் டியூபை வாயில் கடித்துக்கொண்டு அவர் கடலடிக்குப் போவார். நான் மேலே உட்கார்ந்து, அவர் இடுப்பில் கட்டிய கயிற்றைப் பிடித்திருப்பேன். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைத் தலைமுழுகிவிட்டது. கயிறு பிடிக்கப் பரீட்சை கிடையாது. மற்ற நேரமெல்லாம் படகில் இருப்பவர்களைச் சிரிக்க வைப்பேன். ஊரில் எனக்குப் பெயர் இருப்பது அந்த வேலையில்தான்.

லேப்டாப், அக்கா மகள் பிளஸ் டூ படித்தபோது அரசாங்கம் கொடுத்தது. அத்தான் ஜி.பி.எஸ். கருவியில் குறித்துக்கொண்டு வரும் பாயிண்டுகளை அவள்தான் அதில் ஏற்றி வைப்பாள். கல்யாணமாகி வெளியூர் போகும்வரை அந்த வேலையைச் செய்தாள். சங்கு கிடக்கும் பாறைத்திட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு பாயிண்ட். இறங்கவே கூடாத இடங்களுக்கு மண்டையோட்டுப் படம். அப்படி ஒன்பது இடம். பாறையில் மாட்டியதென்று விசைப்படகுக்காரர்கள் அறுத்துவிட்டுப் போன வலைகள் அங்கே கிடக்கின்றன. கலங்கல் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேறு படகு ஆள் ஒருவர் அந்த வலையில் மாட்டினார். அவர் உடலை மேலே தூக்கி வந்தவர்களில் அத்தானும் உண்டு. அன்றைக்குத்தான் ஒன்பதாவது மண்டையோட்டை வைத்தார். இரண்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

பாயிண்டுகளை யாரும் காகிதத்தில் எழுத மாட்டார்கள். கூடப்பிறந்தவனுக்கும் காட்ட மாட்டார்கள். காட்டினால் மறுநாள் அங்கே நாலு படகு நிற்கும். ஆகவே அவை இருந்தது ஜி.பி.எஸ்.ஸிலும் லேப்டாப்பிலும் மட்டும்தான். போன மாதம் ஜி.பி.எஸ். கடலில் விழுந்தது. தட்டிவிட்டது நான்தான். மற்றவர்கள் சொன்னால் கூட்டிச் சொல்வார்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

புதுக் கருவி வந்தது. உள்ளே ஒரு பாயிண்டும் இல்லை. லேப்டாப்பைத் திறந்தால் நீலத்திரையோடு அப்படியே நின்றது.

“கடைல குடுத்துப் பாப்பமா?” என்றாள் அக்கா.

“கடைக்காரன் பாயிண்டப் பாத்தாம்னா என்ன செய்ய?” என்றார் அத்தான்.

“நான் போடுதேன் அத்தான். ஓ.எஸ்.தான? வீடியோ பாத்துப் போட்டுரலாம்.”

“நீ மிக்சிக்கு ஒயர் மாத்துனதுல தெருவுக்கே கரண்ட் போச்சி,” என்றாள் அக்கா.

“தெருவுக்கு இல்லக்கா. மூணு வீட்டுக்குத்தான்.”

அத்தான் சிரித்துவிட்டார். சிரித்த கையோடு லேப்டாப்பை என் மடியில் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை. கடலுக்குப் போகாத நாள். மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து, ஜெராக்ஸ் கடையில் ஓ.எஸ். ஏற்றி வாங்கிய பென்டிரைவைச் சொருகினேன். போனில் வீடியோ ஓடியது. அதில் பேசியவர் நிறையப் பேசினார். எனக்குப் பொறுமை கிடையாது. தள்ளித் தள்ளி விட்டு, அவர் கை எங்கே அமுக்குகிறது என்பதை மட்டும் பார்த்தேன்.

திரையில் ஐந்து வரிகள் வந்தன. அவர் ஒரு வரியை அழித்தார். எனக்கு அது அரைகுறை வேலையாகப் பட்டது. படகுக்குப் பெயிண்ட் அடிக்கும் முன்னால் பழைய பெயிண்ட், பாசி, ஒட்டுச்சிப்பி எல்லாவற்றையும் மரம் தெரியச் சுரண்டவேண்டும். கொஞ்சம் விட்டாலும் புதுசு ஒட்டாது. என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்ட ஒரே வேலை அது. ஐந்து வரிகளையும் அழித்தேன். ஒவ்வொரு தடவையும் மஞ்சள் முக்கோணத்தோடு ஏதோ கேட்டது. ஒவ்வொரு தடவையும் ஓகே கொடுத்தேன்.

திரையில் சதவீத எண் ஏற ஆரம்பித்தது. அத்தான் கட்டிலில் படுத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே காற்று சுத்தமாக நின்றுவிட்டது.

“பாயிண்டெல்லாம் பத்திரமா இருக்கும்லாலே?”

“ஒங்களவிட பத்திரமா இருக்கும் அத்தான்.”

அவர் திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டார்.

லேப்டாப் புதுசு போலத் திறந்தது. வேகமாகத்தான் இருந்தது. சுமக்க ஒன்றும் இல்லையே. அக்கா மகள் பாயிண்டுகளை வைத்திருந்த ஃபோல்டரைத் தேடினேன். எங்கேயும் இல்லை. வீடியோவை முதலிலிருந்து போட்டேன். நான் தள்ளிவிட்ட இடத்தில் அந்த மனிதர் நிறுத்தி, நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: மற்ற வரிகளைத் தொடாதீர்கள், உங்கள் பைலெல்லாம் அதில்தான் இருக்கும்.

அக்கா காப்பியோடு வந்தாள். “முடிஞ்சிட்டா?”

“முடிஞ்சிட்டுக்கா,” என்றேன்.

“எல்லாம் இருக்குல்லா?”

“இருக்கு. புதுக் கருவியிலயும் ஏத்திட்டேன்.”

அத்தானுக்குக் கண்ணாடி இல்லாமல் சின்ன எழுத்து தெரியாது. படகில் ஜி.பி.எஸ்.ஸைப் பார்த்து வழி சொல்வதும் நான்தான். அந்தத் தைரியத்தில் திங்கட்கிழமை விடிய ஏறினேன். டிரைவர், அத்தான், நான். இடது கையைக் காட்டினேன், வலது கையைக் காட்டினேன். காலியான திரையைப் பார்த்துக்கொண்டு, பழகிய ஞாபகத்தில் படகை ஓட்ட வைத்தேன். துறைமுகத்துப் புகைபோக்கிகள் விரல் உயரத்துக்குச் சுருங்கியதும் நிறுத்தச் சொன்னேன்.

“இது எந்த பாயிண்டுலே?”

“பன்னெண்டு அத்தான்.”

தண்ணீர் பழுப்பாகக் கிடந்தது. அவர் இடுப்பில் கயிற்றைக் கட்டி, விளிம்பில் உட்கார்ந்து டியூபைக் கையில் எடுத்தார். அப்போதுதான் என் வாய் தானாகத் திறந்தது.

“அத்தான், எறங்காதீங்க. பாயிண்டு ஒண்ணும் இல்ல. எல்லாத்தையும் நேத்து அழிச்சிட்டேன்.”

டிரைவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். அத்தானும் சிரித்தார்.

“காலைலயே ஆரம்பிச்சிட்டான். மேல வந்து சிரிக்கேம்லே.”

“நெசமாத்தான் சொல்லுதேன்.”

“மொகரையப் பாரு,” என்றான் டிரைவர். “அழுத மாதிரியே நடிக்கான்.”

அத்தான் டியூபைக் கடித்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

கயிறு என் கையில் ஓடியது, பிறகு நின்றது. சங்கு பொறுக்கும் ஆளின் கயிறு கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டே இருக்கும். இது நகரவில்லை. லேசாக இழுத்துப் பார்த்தேன். கல்லில் கட்டிய மாதிரி இருந்தது. டிரைவரைக் கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டு அவன் மறுபடி சிரித்தான். கயிற்றை அவன் கையில் கொடுத்ததும் சிரிப்பு நின்றது. இரண்டு பேரும் இழுத்தோம். வரவில்லை. இழுத்தால் டியூப் வாயைவிட்டுப் போய்விடுமோ என்று விட்டோம். விட்டால் என்ன ஆகுமோ என்று மறுபடி பிடித்தோம். கம்ப்ரசர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு திடீரென்று கயிறு தளர்ந்தது. அத்தான் மேலே வந்தார். கையில் கத்தி. இடது காலில் பச்சை நைலான் வலை சுற்றி, தோலைக் கிழித்திருந்தது. வெகுநேரம் மூச்சு வாங்கினார்.

“அதக் குடு,” என்றார்.

ஜி.பி.எஸ்.ஸைக் கொடுத்தேன். அதைப் பார்க்கக் கண்ணாடி தேவைப்படவில்லை. நடுவில் எங்கள் படகு, சுற்றிலும் வெறும் நீலம். அடிப்பார் என்று கன்னத்தைக் காட்டினேன். அவர் டிரைவரிடம், “கரைக்கு விடு,” என்று மட்டும் சொன்னார்.

இப்போது கயிறு பிடிக்க வேறு ஆள். காலில் புண் ஆறியதும் அத்தான் மறுபடி போக ஆரம்பித்துவிட்டார். மண்டையோடு ஒன்றுகூட இல்லாத கருவியோடுதான் போகிறார். சங்கு பாயிண்ட் வேண்டாம், இறங்கக்கூடாத இடத்தையாவது சொல்லுங்கள் என்று இன்னொரு படகு அண்ணாச்சியிடம் போய்க் கெஞ்சினேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஒங்க அத்தான் ஆளு அனுப்பி வேவு பாக்காரோ? நல்லாத்தாம்லே நடிக்கே,” என்றார்.

மத்தியானம் படகுகள் திரும்பும் நேரத்துக்குக் கரையில் போய் நிற்கிறேன். அக்கா போன் போடுவாள்.

“ஏலே, வந்துட்டாரா?”

“இன்னும் இல்லக்கா.”

அவள் போனை வைப்பதில்லை. நானும் காதில் வைத்தபடியே, வரும் படகுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.