என் கன்னத்துக்குப் பெயர் வாங்கியவர்

இன்று காலை சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் வழக்கமாகப் பூ வாங்கும் கடைக்குப் போனேன். கூடவே காய்கறிப் பையோடு என் கணவர்.

மல்லிகை கட்டிக்கொண்டிருந்த அக்கா என்னைப் பார்த்ததும் கையை நிறுத்திவிட்டார்.

“என்னம்மா இப்படி இளைச்சுப் போய்ட்ட! கன்னமெல்லாம் எங்க போச்சு? உடம்புக்கு முடியலையா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போன தீபாவளிக்கு இதே அக்காதான், “நல்லா பூசினாப்ல இருக்க, புருஷன் நல்லா கவனிக்கிறாரு போல” என்றார். இவரும் “ஆமாக்கா” என்று அடக்கமாகத் தலையாட்டினார்.

உண்மையில் அப்போது முடக்குவாதத்தில் பல் தேய்க்கும் பிரஷைக்கூடப் பிடிக்க முடியாமல் அழுதுகொண்டிருந்தேன். அந்தக் கன்னம், மாதக்கணக்கில் விழுங்கிய ஸ்டீராய்டு கொடுத்தது. பிறகு வேறு மருந்து ஒத்துக்கொண்டதால் டாக்டர் ஸ்டீராய்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திவிட்டார். வலியும் போனது, கன்னமும் போனது.

“இப்பத்தான்க்கா நல்லா இருக்கேன். அது மாத்திரை போட்ட சதை லா” என்றேன்.

அக்கா நம்பவில்லை. கூடுதலாக ஒரு முழம் பூவைப் பையில் போட்டுவிட்டு இவரை முறைத்தார்.

“வேளாவேளைக்குச் சாப்பிடுதான்னு பாருங்க தம்பி. பாவம் புள்ள.”

அன்று மாத்திரையைப் பற்றி மூச்சே விடாத மனிதர், இன்று எங்கள் வீடு இருக்கும் தோ பாயோ வரும்வரை ரயிலில் ஸ்டீராய்டின் பக்கவிளைவுகளை எனக்கே விளக்கிக்கொண்டு வந்தார்.

உங்கள் வீட்டிலும் மாத்திரை செய்த வேலைக்குப் பெயர் வாங்கியவர் உண்டா? பெயரைச் சொல்ல வேண்டாம், உறவை மட்டும் சொல்லுங்கள்.