முதல் பந்தியில் முழங்காலிட்டவன்

இதை எழுத மூன்று வருடம் இழுத்தடித்தேன். மகளின் பழைய கொப்பியில் இரண்டு தடவை தொடங்கினேன். இரண்டு தடவையும் தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். புறக்கோட்டையில் ஓர் இரும்புக்கடையில் ஸ்டோர் பார்க்கிறேன். ஆணி, பிணைச்சல், குழாய் என்று துண்டு எழுதிப் பழகிய கை இது. ஆனால் எழுத வராதது அல்ல தடை. எழுதிவிட்டால் அடுத்த ஞாயிறு சபைக்குள் எப்படிக் கால் வைப்பது என்ற பயம்தான். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. போகட்டும் என்று காத்திருந்தால் எழுதாமலே செத்துப்போவேன் என்று பட்டது. அதனால் எழுதுகிறேன்.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருக்கிறது எங்கள் சபை. பெரிய சபை அல்ல. நூறு பேர் வந்தால் கூட்டம். மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. பீடத்தின் முன் எட்டெட்டுப் பேராக முழங்காலிடுவோம். அதைப் பந்தி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். எல்லோருக்கும் ஒரே பாத்திரம். போதகர் இடப்பக்கத்தில் தொடங்கி ஒவ்வொருவர் வாய்க்கும் அதைச் சாய்த்துக் கொடுப்பார். விளிம்பை வெள்ளைத் துணியால் துடைப்பார், சற்றுத் திருப்புவார், அடுத்தவரிடம் போவார். ஊர்ச் சபையிலும் சின்ன வயதில் இருந்து பார்த்த காட்சி. அதில் யோசிக்க எதுவும் இருக்கவில்லை, அந்த மனிதர் வரும்வரை.

அவர் எங்கள் ஒழுங்கைகளில் கழிவுநீர் ஓடும் கான்களைத் துப்புரவு செய்கிறவர். வீடு கொட்டாஞ்சேனையில். ஞாயிறு காலையிலும் அவருக்கு வேலை உண்டு. அது முடிந்து பஸ் பிடித்து அங்கே போய்ச் சேர்வதற்குள் அங்குள்ள ஆராதனை முடிந்துவிடும். அதனால் வேலைசெய்யும் இடத்துக்குக் கிட்ட இருந்த எங்கள் சபைக்கு வரத் தொடங்கினார். சபைக் கட்டடத்துக்குப் பின்னால் உள்ள பைப்படியில் சவர்க்காரம் போட்டு முழங்கை வரை தேய்த்துக் கழுவுவார். பையில் மடித்து வைத்த வெள்ளைச் சேட்டை மாற்றிக்கொண்டு, கடைசி வாங்கில், நீள மரப்பெஞ்சின் ஓரத்தில், வந்து இருப்பார். யாரும் அவரை வெளியே போகச் சொன்னதில்லை. பக்கத்தில் வந்து இருக்கச் சொன்னதும் இல்லை.

அவர் முதன்முதலாகத் திருவிருந்துக்கு வந்த ஞாயிறு, பந்தியில் எனக்கு இடப்பக்கத்தில் முழங்காலிட்டார். முந்தின நாள்தான் மழை பெய்து எங்கள் கேற்றுக்கு முன்னால் கான் அடைத்திருந்தது. அவர் அதற்குள் முழங்கால் வரை இறங்கி, பிளாஸ்டிக் பைகளையும் இன்னும் சொல்லக்கூடாத எதையெல்லாமோ கையால் இழுத்துப் போட்டதை நான் மேல்வீட்டு ஜன்னலில் நின்று பார்த்தேன். அவர் குடித்த பாத்திரம் இப்போது எனக்கு வந்தது. போதகர் துடைத்தார், திருப்பினார். அது எனக்குப் போதவில்லை. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டேன். பாத்திரம் சாய்ந்தது, திராட்சை ரசம் உதட்டில் பட்டது, ஒரு துளி கூட உள்ளே போகவில்லை. பிறகு சேட்டுப் பையில் மடித்திருந்த லேஞ்சித் துணியை எடுத்து வாயை அழுத்தித் துடைத்தேன். யாரும் காணவில்லை என்று நினைத்தேன்.

வீட்டுக்குப் போய் அழுது மன்னிப்புக் கேட்டேன் என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். நான் அப்படிச் செய்யவில்லை. அடுத்த மாதத்துக்கு ஒரு வழி யோசித்தேன். முதல் வாங்கில் இருந்தால் முதல் பந்தி. முதல் பந்தியின் இடப்பக்க ஓரத்தில் முழங்காலிட்டால் பாத்திரம் முதலில் எனக்கு. எனக்கு முன் யார் வாயும் அதில் படாது.

அப்படியே வருடக்கணக்கில் நடந்தது. மனைவிக்குக் காரணம் தெரியாது. முதல் ஞாயிறு வந்தாலே நான் விடிய எழும்பி அவளை அவசரப்படுத்துவேன். "என்னப்பா, கலியாண வீட்டிலை முதல் பந்திக்கு இடம் பிடிக்கிற ஆக்கள் மாதிரி ஓடுறியள்? அப்பம் முடிஞ்சுபோமோ?" என்று கேட்பாள். நான் சப்பாத்தை மாட்டுவேன்.

அந்த நாட்களில் எனக்குள் ஒரு நிலைகொள்ளாமை இருந்தது. சனிக்கிழமையே அது தொடங்கிவிடும். கடையில் ஒருவர் அரை அங்குலக் குழாய் கேட்டால் முக்கால் அங்குலத்தை எடுத்துக் கொடுப்பேன். ஆராதனையில் நாங்கள் எல்லோரும் ஒரே பிதாவின் பிள்ளைகள் என்று பாடும்போது வாய் பாடும், காது மட்டும் பின்பக்கம் நிற்கும், பைப்படியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறதா என்று. எங்கள் அப்பாவின் வீட்டில் கிணற்றடியில் ஒரு தனிக் குவளை இருந்தது. வேலைக்கு வருகிறவர்களுக்கு என்று கவிழ்த்து வைத்தது. பொழுதுபட நாங்கள் குடும்பமாக முழங்காலிட்டு ஜெபம் செய்வோம். குவளை அதன் பாட்டில் இருக்கும். இரண்டும் ஒரே வீட்டில் எப்படி இருந்தன என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கொழும்புக்கு வந்து இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகும் அந்தக் குவளையை நான் கையில் கொண்டு திரிந்திருக்கிறேன்.

சபையார் என்னைப் பக்திமான் என்றார்கள். போதகர் ஒரு வாலிபர் கூட்டத்தில் என்னைக் காட்டி, கர்த்தருடைய பந்திக்கு எவ்வளவு ஆவலாக இருக்கிறார் பாருங்கள் என்று சொன்னார். நான் தலையைக் குனிந்தேன். அதையும் தாழ்மை என்று எடுத்துக்கொண்டார்கள்.

கொரோனா வந்தபோது ஒரே பாத்திரத்தை நிறுத்தி, ஆளுக்கொரு சின்னக் கோப்பை கொடுத்தார்கள். ஊரே மூச்சுவிடப் பயந்த காலத்தில் நான் நிம்மதியாக மூச்சுவிட்டேன். முதல் வாங்குக்கு ஓடவேண்டியிருக்கவில்லை. கர்த்தருக்கு அதற்காக ஸ்தோத்திரமும் சொன்னேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

நோய் தணிந்த பிறகு சபைக் கூட்டத்தில் மீண்டும் ஒரே பாத்திரம் என்று முடிவானது. அதே கூட்டத்தில் என்னைத் திருவிருந்து மேசையைப் பார்க்கும் மூப்பராகத் தெரிவு செய்தார்கள். முதல் பந்திக்கு ஓடிய ஆவலைப் பார்த்துத்தான் தெரிவு செய்தார்களாம். எங்கள் சபையில் அந்த மூப்பருக்கு ஒரு வழக்கம் உண்டு. அவர் பின்னால் நின்று வாங்கு வாங்காக ஆட்களை அனுப்பவேண்டும். எல்லோரும் போய் முடிந்த பிறகு, கடைசிப் பந்தியில் தான் முழங்காலிடவேண்டும்.

முழங்கால் நோ, வேலை அதிகம், ஆட்களுக்கு முன்னால் வாசிக்க வராது என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். ஒருவரும் விடவில்லை. மனைவிக்கோ பெருமை. நான் ஏன் அப்படி வேர்க்கிறேன் என்று பார்த்துவிட்டு, காய்ச்சலோ என்று நெற்றியில் கை வைத்தாள்.

மூப்பராக நின்ற முதல் ஞாயிறு கடைசிப் பந்தியில் நான்கு பேர்தான். நான் அவர்களுக்குப் பக்கத்தில் போனேன். அந்த மனிதர் இன்னும் வாங்கிலேயே இருந்தார். நான் முழங்காலிட்ட பிறகுதான் எழுந்து வந்து, எனக்கு வலப்பக்கத்தில் ஓர் இடம் விட்டு முழங்காலிட்டார். பாத்திரம் முதலில் எனக்கு வந்தது, பிறகுதான் அவருக்குப் போனது. தப்பினேன் என்று நினைத்தேன். அடுத்த மாதமும் அப்படி. அதற்கு அடுத்த மாதம் நான் வேண்டுமென்றே முன்னால் போகாமல் சுணங்கினேன், ஏன் என்று எனக்கே தெரியாது. அவரும் சுணங்கினார். போதகர் நிமிர்ந்து பார்த்தார். நான் போனேன், பிறகு அவர் வந்தார்.

ஐந்து மாதம் இப்படிப் போனது. வெட்கப்படுகிற மனிதர் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். சமாதானமாகவில்லை. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து பாத்திரங்களைக் கழுவப் பைப்படிக்குப் போனேன். அவர் அங்கே வெள்ளைச் சேட்டைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். பின்னேரமும் வேலை என்றார். நான் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பெரிய மனிதர் மாதிரிக் கேட்டேன்.

"ஏன் நீர் எப்பவும் ஆகக் கடைசியா வாறனீர்? முன்னுக்கு வரலாம்தானே?"

அவர் பையின் பட்டியை இழுத்து இறுக்கினார்.

"கோவிச்சுக்க மாட்டீங்கன்னா சொல்றேன் சார். நான் இங்க மொதல் தடவ வந்தன்னைக்கு உங்களுக்கு முன்னாடி குடிச்சேன். நீங்க வாயத் தொறக்கல. லேஞ்சியால தொடச்சிட்டு எந்திரிச்சிட்டீங்க. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. எனக்குப் பூட்டத் தோன்றவில்லை.

"அன்னைக்கு நீங்க ஆண்டவர் பந்தியில இருந்து பசியோட போனீங்க சார். அது என்னாலதானே. என்னால ஒருத்தரும் அப்பிடிப் போகக் கூடாதுன்னுதான் எல்லாருக்கும் பின்னாடி வாறேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லித் தப்பியிருப்பேன். அவர் என்மேல் கரிசனையாகச் சொன்னார். அத்தனை வருடமும் நான் அவரை விட்டு விலகி ஓடியிருக்கிறேன். அவரோ நான் பட்டினி போகக்கூடாது என்று, வேலை களைப்போடு, கடைசி வாங்கில் காத்திருந்திருக்கிறார். மன்னிப்பு என்ற சொல் வாயில் வந்து நின்றது, வெளியே வரவில்லை. அவர் வேலைக்கு நேரமாச்சு என்று போய்விட்டார்.

அந்த மாதம் முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. மனைவியிடம் சொன்னேன். அவள் கையில் இருந்த அகப்பையோடு அப்படியே நின்றாள். பிறகு, "இத்தனை வரியமா எனக்குப் பக்கத்திலை முழங்கால் போட்டு இதையோ செய்தனீங்கள்?" என்று மட்டும் கேட்டாள். கடையில் இரும்புக் குழாய்களுக்கு நடுவே நின்று யோசித்தேன். திருவிருந்து என்றால் என் பாவத்துக்கு மருந்து என்று நினைத்திருந்தேன், நானும் கர்த்தரும் மட்டும் சம்பந்தப்பட்ட காரியம் என்று. ஆனால் பிள்ளைகள் எல்லோரையும் பெற்றவர் ஒரு மேசைக்குக் கூப்பிடுகிறார். பக்கத்தில் யார் இருப்பது என்று நான் தெரிவு செய்ய அது என் வீட்டு மேசை அல்ல. பக்கத்தில் இருப்பவரை அண்ணன், தம்பி என்று எண்ண முடியாவிட்டால் நான் பிதாவே என்று கூப்பிடுவதும் வெறும் சத்தம். இதைப் போதகர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். எனக்கு விளங்க ஒரு பைப்படி வேண்டியிருந்தது.

அடுத்த முதல் ஞாயிறு. எல்லா வாங்குகளையும் அனுப்பிவிட்டு அவருடைய வாங்கடியில் போய் நின்றேன்.

"நீங்கள் முன்னுக்கு நடவுங்கோ," என்றேன்.

"வேணாம் சார். நீங்க போங்க."

"இல்லை. நீங்கள் போனால்தான் நான் போவன்."

அவர் மறுபடியும் மறுத்தார். நான் அவர் பக்கத்திலேயே நின்றேன். சபை முழுவதும் திரும்பிப் பார்த்தது. முன்னால் மனைவி கண்ணைக் கசக்கினாள். போதகர் அப்பத் தட்டோடு காத்திருந்தார். கடைசியில் அந்த மனிதர் எழுந்து நடந்தார். நான் அவருக்கு வலப்பக்கத்தில், இடம் விடாமல், முழங்காலிட்டேன். அவருடைய சவர்க்கார வாசம் வந்தது. அப்பம் வந்தது. பாத்திரம் வந்தது. அவர் குடித்தார். போதகர் துடைத்தார், திருப்பினார். என் கண் பழக்கதோஷத்தில் அவர் உதடு பட்ட இடத்தைத் தேடியது.

குமட்டியது. பொய் எழுத மாட்டேன். கான் ஞாபகம் வந்தது, பிளாஸ்டிக் பை ஞாபகம் வந்தது. வாயைத் திறந்தேன். ஒரு மிடறு குடித்தேன். சமாதானம் ஒன்றும் ஊற்றெடுக்கவில்லை. லேஞ்சி சேட்டுப் பையில் இருந்தது. அதை எடுக்காமல் கையைப் பீடத்தின் முன்னுள்ள தடுப்பு அளியில் அழுத்தி வைத்துக்கொண்டேன்.

பிறகு பைப்படியில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். இந்தத் தடவை சொல் வெளியே வந்தது, உடைந்து உடைந்து. அவருக்கு அது பெரிதாகப் படவில்லை போல. என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"குடிச்சீங்களா சார்?"

"ஓம். குடிச்சனான்."

"அப்ப சரி," என்றார். பையைத் தோளில் போட்டுக்கொண்டு காலி வீதிப் பக்கம் நடந்தார்.

இன்றும் மாதம் ஒரு தடவை அவருக்குப் பக்கத்தில் முழங்காலிடுகிறேன். இன்றும் சனிக்கிழமை அந்த நிலைகொள்ளாமை வருகிறது. சில மாதம் குமட்டல் வரும், சில மாதம் வராது. எப்போது முழுதாகப் போகும் என்று எனக்குத் தெரியாது. குணமான பிறகு வா என்று கர்த்தர் சொல்லியிருந்தால் நான் இன்னும் வாங்கிலேயே இருந்திருப்பேன்.

இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். பேர் மட்டும் போடாதீங்க என்றார். எழுதியதை மனைவி வாசித்தாள். லேஞ்சி இடத்தை எடுத்துவிடலாமே, பிள்ளைகளும் வாசிக்குங்கள் என்றாள். சபையில் ஒருவர், முடிவில் உங்களுக்குப் பூரண சமாதானம் கிடைத்தது என்று ஒரு வரி சேர்த்தால் சாட்சி இன்னும் பலமாக இருக்கும் என்றார். இரண்டையும் நான் செய்யவில்லை. வாசிக்கிறவர்களே, இதை இன்னொருவர் கையில் கொடுக்க மனம் வந்தால் கொடுங்கள், ஆனால் உள்ளது உள்ளபடி கொடுங்கள். மூடிய வாயையும் லேஞ்சியையும் குமட்டலையும் வெட்டிவிட்டு என்னை நல்லவனாக்காதீர்கள். எங்கோ ஒரு சபையில் ஒருவர் முதல் பந்திக்கு விழுந்தடித்து ஓடிக்கொண்டிருப்பார். அவர் கையில் இது திருத்தாமல் போய்ச் சேரட்டும்.