தட்டாதீர்

இது நடந்தது. 1991, மார்ச் 14, வியாழன். பகல் ஒன்று இருபதுக்குச் சாவியை உடைத்தது நான்தான். அந்தப் பழியைப் பேயின்மேல் போட மாட்டேன்.

என் ஆராய்ச்சி துத்தநாக அயோடைடில். அதோடு ஒரு பிரிடின் சேர்மத்தைச் சேர்த்தால், நண்டு இரண்டு கொடுக்காலும் விரலைக் கவ்வுவது போல அது உலோக அணுவைக் கவ்விக்கொள்ளும். அந்தப் பிடியை எக்ஸ்ரேயில் பார்க்க ஒரே ஒரு நல்ல படிகம் வேண்டும். நாலு வருடத்தில் எனக்கு விளைந்ததெல்லாம் தூள்தான். திங்கட்கிழமைக்குள் படிகம் இல்லையென்றால் பதிவு ரத்து என்று கைடு சொல்லிவிட்டார்.

படிகம் வளர இருட்டு வேண்டும், அசைவு கூடாது. விருத்தாசலத்தில் நண்பன் பிரேம்நாத்தின் பீங்கான் பட்டறையில் ஓர் அறை பூட்டியே கிடந்தது. ஏன் என்று, பட்டறையில் பீங்கானுக்குக் கிளேஸ் மெருகு பூசும் கொளஞ்சியம்மாளைக் கேட்டால், "கிடக்குது சார்" என்பார். அறையைக் கேட்டு வாங்கினேன். ஜன்னலை அடைத்துக் கறுப்புத் தாள் ஒட்டினேன். வேலை மிச்சம் என்று கதவு நிலையிலேயே பலகை அடித்துக் கரைசல் குடுவையை வைத்தேன். வெளியே 'தட்டாதீர்' என்று எழுதினேன்.

அன்று டார்ச் அடித்தால்... குடுவைக்குள் ஒரு மினுக்கு. இன்னும் இரண்டு நாள் அசையாமல் இருந்தால் ரவையளவு ஆகிவிடும். யாரும் வந்துவிடக் கூடாதே என்று உள்ளிருந்து பூட்டினேன். பாதிச் சாவி கையில், பாதி பூட்டில்.

பட்டறை இரைச்சலில் கத்தினால் கேட்காது. தட்டினால் ஆள் வரும். படிகம் போகும். உட்கார்ந்துவிட்டேன்.

1:45. பக்கத்துச் சூளையைப் பற்ற வைத்தார்கள். சுவர் விரிசலில் புகை கசிந்தது.

2:05. தலை கனத்தது. கதவை நகத்தால் சுரண்டினேன். பூனைகூட இன்னும் பலமாகச் சுரண்டும்.

2:11. இருமல்.

என்னுடையது இல்லை.

"தட்டுங்க சார்." பெண் குரல்.

வெளியே யாரோ என்று நினைத்தேன். "படிகம் கெட்டுடும்மா. நீங்களே ஆளக் கூப்பிடுங்க."

"கெட்டா கெட்டுட்டுப் போவுது. தட்டுங்க."

குரல் வெளியே இல்லை... என் முதுகுக்குப் பின்னால்.

பிடரியில் சூடான மூச்சு.

தட்டினேன். கையால். காலால்.

க்ளிங்... குடுவை.

தட்டிக்கொண்டே இருந்தேன்.

2:19. சூளைக்காரர் பூவராகவன் கடப்பாரையால் கதவைப் பெயர்த்தார்.

"உள்ள இருந்த அந்தம்மா யாரு?" என்றேன்.

"டீ சாப்பிடுங்க சார்," என்றார் பூவராகவன்.

"புகை மயக்கம்டா," என்றான் பிரேம்நாத். "உனக்குப் பொம்பளக் குரல் வேற கேக்குதா?"

கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். கொளஞ்சியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. என் அருகில் வந்து உட்கார்ந்தார்.

"அம்சவல்லி சார். என் ஓரகத்தி. அப்ப அது சுடாத சாமான் காயவெக்கிற ரூம்பு. அதிர்ந்தா விரிசல் வுட்டுடும், கதவத் தட்டக் கூடாதுன்னு நாங்கதான் சொல்லி வெச்சிருந்தோம். எம்பத்தாறுல உள்ள இருக்கறது தெரியாம வெளியில பூட்டிட்டாங்க. சூளப் புகை... மறுநாள் தொறந்தா முன்னூறு கப்பும் முழுசா இருந்துச்சு சார். அவ தட்டவே இல்ல."