மனசு வராத நடை

"மனசு வெச்சா முடியும்" என்று என்னிடம் சொல்லாத ஆள் மரக்காணத்தில் பாக்கி இல்லை. டீக்கடைக்காரர் சொன்னார். மச்சான் சொன்னான். பக்கத்துத் தெருவுக்குக்கூட காரில் போகிற என் முதலாளியும் சொன்னார். கேட்கக் கேட்க எரிச்சல்தான் வந்தது. மனசு என்ன அலமாரியில் இருக்கிற சொம்பா, எடுத்து வைப்பதற்கு?

உப்பளத்தில் லாரிகளுக்கு எடை போட்டுச் சீட்டு எழுதுவது என் வேலை. வெயிலில் உப்பு வாருகிறவர்களை ஜன்னல் வழியே பார்த்தபடி இருபது வருடமாக நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். ஊரில் நடந்த மருத்துவ முகாமில் எனக்கும் என் மனைவிக்கும் ஒரே நாளில் சர்க்கரை என்று தெரிந்தது.

மறுநாள் காலையே அவள் பழைய செருப்பை மாட்டிக்கொண்டு உப்பளக் கரையோரம் நடக்கப் போய்விட்டாள். நான் அப்படியா? பாண்டிச்சேரி போய் ஷூ வாங்கினேன். ஓட்ஸ் டப்பா வாங்கினேன். எத்தனை அடி நடந்தேன் என்று எண்ணுகிற ஆப் ஒன்றைப் போனில் ஏற்றினேன். திங்கட்கிழமை தொடங்குவதாக வீட்டில் அறிவித்தேன். திங்கட்கிழமை மழை. சரி, ஒன்றாம் தேதி என்றேன். அன்று தலைவலி.

ஒருவழியாகத் தொடங்கியபோது ஊர் விடவில்லை. பத்தடிக்கு ஒரு பைக் நின்றது. "இன்னா சார், வண்டி ரிப்பேரா? ஏறுங்க, உட்டுட்டுப் போறேன்." நடக்கத்தான் வந்தேன் என்றால் ஏற இறங்கப் பார்த்துச் சிரித்தார்கள். நாலு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். ஐந்தாம் நாள் கூனிமேட்டில் நண்பர் மகள் கல்யாணம். பிரியாணி இரண்டு தட்டு. எல்லாம் போச்சு என்று தோன்றியது. போனதுதான் போச்சே என்று அந்த வாரம் முழுக்கப் பரோட்டாவும் பஜ்ஜியுமாகத் தின்று தீர்த்தேன். ஷூ கட்டிலுக்கு அடியில் போனது.

இப்படியே நாலைந்து முறை. கடைசியில் ஒருநாள் விடிகாலை என் மனைவி என்னை எழுப்பினாள்.

"உடும்மா, எனக்கு மனசு வரல."

"எனக்கு மட்டும் வருதா?" என்று சீறினாள். "தெனமும் காலைல கடுப்பாத்தான் இருக்குது. செருப்ப மாட்டினா கால் போவுது. மனசு பின்னால வந்தா வருது, வராட்டிப் போவுது. எந்திரிங்க!"

நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அவளுக்கு நடப்பது பிடித்திருக்கிறது என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தேன்! அவளைப் போல மனசு எனக்கு அமையவில்லையே என்று என்னையே திட்டிக்கொண்டும் இருந்தேன். அவளும் என்னைப் போல எரிச்சலோடுதான் போய்க்கொண்டிருந்திருக்கிறாள். அன்று அவள் கூடவே போனேன். வழி முழுக்க முணுமுணுத்தேன். அவள் காதில் வாங்கவே இல்லை. மறுநாளும் போனோம்.

இரண்டு மாதம் கழித்து, மகள் பிரசவத்துக்காக அவள் பொம்மையார்பாளையம் போய்விட்டாள். கேட்க ஆளில்லை. மூன்று நாள் நன்றாகத் தூங்கினேன். நாலாம் நாள் ஐந்தரைக்குத் தானாக விழிப்பு வந்தது. பழைய ஆளாக இருந்தால் மூன்று நாள் போச்சே, இனி அடுத்த மாதம்தான் என்று திரும்பிப் படுத்திருப்பேன். அன்றும் மனசு வரவில்லை. அதைப் பற்றி யோசிக்காமல் ஷூவை மாட்டினேன். போன மூன்று நாள் போனதாகவே இருக்கட்டும், இன்றைக்கு நடப்பதை அது தடுக்கவா போகிறது? கரைமேல் பாதி தூரம் போகும்வரை எல்லார் மேலும் கடுப்பாக இருந்தது. பிறகு எப்போது அது போனது என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு அந்த ஒரு மாதத்தில் எத்தனையோ நாள் தவறினேன். ஒவ்வொரு முறையும் மறுநாளே போனேன். அடுத்த பரிசோதனை முடிந்து டாக்டர் ஒரு மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். பெருமை தாங்காமல் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று அவளுக்குப் போன் போட்டேன்.

"நல்லது. இன்னிக்கு நடந்தீங்களா?"

"இன்னிக்கு இல்லம்மா, ரத்தம் குடுக்க சீக்கிரமே வரவேண்டியதாப் போச்சு..."

"அப்ப சாயங்காலம் போங்க. கொழந்த அழுவுது, வெக்கிறேன்."

ஒரு பாராட்டு வார்த்தை வேண்டாமா? முணுமுணுத்துக்கொண்டே பஸ் ஏறினேன். சாயங்காலம் போனேன்.