திரையில் குறைந்த மூன்று

ஈஜோக் பக்கம் எங்கள் தோட்டம் கைமாறியபோது லயத்து வீடுகளை விட்டு வெளியேறிய குடும்பங்கள் நாற்பத்தேழு. வீட்டு மனை கேட்கும் மனுவுக்காக அவர்களின் பட்டியலை நான்தான் கணினியில் அடித்து வைத்திருந்தேன். அன்று பிற்பகல் இரண்டரைக்குள் கோலசிலாங்கூர் நில அலுவலகத்தில் கொடுத்தாக வேண்டும். காலை ஒன்பது இருபதுக்குக் கணினியைத் திறந்தால் திரையில் ஒரு மலைப் படம் மட்டுமே இருந்தது.

முப்பத்தோரு வருடம் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவன் நான். விடியற்காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையில் நிறுத்தி எண்ணிய பழக்கம் போகவில்லை. கோப்புகளையும் திரையிலேயே வரிசைக்கு ஒன்பதாக ஏழு வரிசை நிறுத்தியிருந்தேன். அறுபத்து மூன்று. தினமும் எண்ணுவேன்.

நான்கு வருடத்துக்கு முன் எனக்கு லினக்ஸ் போட்டுக் கொடுத்தவள் என் மகள். முந்தின நாள் திரையமைப்பை மாற்றியவளும் அவள்தான். சந்தைக்கடை மாதிரி வைத்திருக்கிறீர்கள் என்று அடிக்கடி சொல்வாள். அழித்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

"என் ஃபைலெல்லாம் எங்க?"

"இருக்குப்பா. இந்தப் புது டெஸ்க்டாப் வெளிய காட்டாது. ஃபோல்டருக்குள்ள இருக்கு."

"ஒளிச்சு வெச்சிருக்கியா?"

"நான் ஏன்ப்பா ஒளிக்கணும்? வாங்க, காட்டுறேன்."

திறந்து காட்டினாள். விரல் வைத்து எண்ணினேன். அறுபது. மறுபடி எண்ணினேன். அறுபதுதான்.

"மூணு குறையுது."

"இருக்காதுலா."

"அழிச்சுட்டு இல்லேங்கிறே."

அவள் கைப்பேசியை எடுத்தாள். மாற்றுவதற்கு முன் பழைய திரையைப் படம் பிடித்து வைத்திருந்தாள். "உங்களத் தெரிஞ்சுதான் இத எடுத்தேன்" என்றாள். ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம். குறைந்த மூன்றும் முதல் வரிசையின் தொடக்கத்தில் இருந்தவை: குப்பைத்தொட்டி, வீட்டுப் படம், வன்தட்டுப் படம். மூன்றும் கோப்புகளே அல்ல. பழைய அமைப்பு தானாக வைத்திருந்த குறிகள்.

"குப்பைத்தொட்டிக்கும் நாலு வருசமா வேலைக்கு வந்ததா பேர் போட்டிருக்கீங்க. தோட்டத்துல வேல வாங்குற மண்டோரையும் ஆளோட சேத்துத்தான் எண்ணுனீங்களா?"

பட்டியலைத் திறந்து நாற்பத்தேழு குடும்பத் தலைவர்களையும் அடையாள அட்டை எண்ணோடு வாசித்துச் சரிபார்த்தேன். மூன்று நகல் அச்செடுக்கச் சொன்னேன். இரண்டு போதாதா என்றாள். போதாது; ஒன்று வீட்டிலும் இருக்க வேண்டும்.

அவளே காரில் அழைத்துப் போனாள். இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு நில அலுவலக முகப்பில் ஒரு நகலை வாங்கிக்கொண்டு, மற்றொன்றில் முத்திரை குத்தித் தந்தார்கள்.

"குடுங்கப்பா, கசங்காம பையில வெக்கிறேன்" என்றாள் மகள்.

வேண்டாம் என்று முத்திரை நகலை மடித்து என் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன்.