ஆளே இல்லாத படம்

நான் பயந்தாங்கொள்ளி. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. திருச்செங்கோட்டுப் பக்கம் ஆண்கள் ஆப்பிரிக்காவுக்கு ஆழ்துளைக் கிணறு, எங்கள் பேச்சில் போர், போடப் போவது டவுன் பஸ் ஏறுவது மாதிரி. ஒரு பெண்பிள்ளை தனியாகப் போகிறேன் என்றால் மட்டும் ஊரே வாயில் கை வைத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட ஊரில் பிறந்துவிட்டு, சேலத்தில் படிக்கும்போது சூரமங்கலத்து வாடகை அறையில் உட்கார்ந்து, வெளிநாட்டில் தன்னார்வப் பணி எங்கே கிடைக்கும் என்று தேட ஆரம்பித்தேன். தைரியமெல்லாம் ஒன்றுமில்லை. மேற்படிப்புக்கு உதவித்தொகை வாங்க அப்படி ஓர் அனுபவம் இருந்தால் நல்லது என்று சீனியர் ஒருத்தி சொல்லிவிட்டாள், அவ்வளவுதான்.

தேடத் தேடப் பயம்தான் வளர்ந்தது. முதலில் பணத்தைக் கட்டு என்றவர்கள், பாஸ்போர்ட்டைத் தபாலில் அனுப்பு என்றவர்கள், வீடியோவில் பேசும்போதே குழைந்த ஒரு கிழவன். கடைசியில் தான்சானியாவில் ஒரு பெண்கள் காப்பகம் கிடைத்தது. அடி தாங்காமல் ஓடிவந்தவர்களுக்குத் தையல் சொல்லித்தர ஆள் வேண்டுமாம். அவர்கள் காசு கேட்கவில்லை. நான் யார், எதற்கு வருகிறேன் என்று துருவித் துருவிக் கேட்டார்கள். அதனாலேயே எனக்கு நம்பிக்கை வந்தது.

போகக் கூடாது என்று அம்மா ஒரே பிடியாக நின்றாள். எங்காவது விற்றுவிட்டால் யாரைப் போய்க் கேட்பது என்று அழுதாள். போர் போடும் ரிக் வண்டிகளுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் விற்கும் அப்பாதான் அவளை அடக்கினார். “அங்கயும் நம்மூரு வண்டி ஓடுதில்ல. ஒரு போன் போட்டா ஓடியாந்து நிப்பாங்க” என்றார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நான் விமானம் ஏறினேன்.

காப்பகத்தில் ஏகப்பட்ட கட்டுப்பாடு. முகம் தெரியப் படம் எடுக்கக் கூடாது. ஊர்ப் பெயர் எங்கும் எழுதக் கூடாது. உள்ளே இருப்பவர்களைப் பற்றி வீட்டில்கூடப் பேசக் கூடாது. எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட்டேன். என்னிடம் தைக்க வந்தவர்களில் ஒருத்திக்கு என் வயதுதான் இருக்கும். முதுகில் எப்போதும் ஒரு பெண் குழந்தை. முதல் நாள் என்னைப் பார்த்ததுமே அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அவள் புருஷன் இந்தியர்களின் போர் வண்டியில் ஹெல்பராம். வேலையில் அவன் இடது கையில் இரண்டு விரல் நசுங்கிப் போயிற்றாம். மிச்ச விரல்களே அவளை அடிக்கப் போதுமானதாக இருந்தன. ஓடிப்போனால் குழந்தையை எடுத்துக்கொண்டு உன்னைப் புதைத்துவிடுவேன் என்று சொன்னவனாம். போர் போடுகிறவர்களை உனக்குத் தெரியுமா என்று என்னைக் கேட்டாள். இந்தியா ரொம்பப் பெரிய நாடு என்று சொல்லிச் சமாளித்தேன். போகப் போக நான் அவர்கள் மொழியைக் கொஞ்சம் பழகிக்கொண்டேன், அவளுக்கும் என்மேல் பயம் விட்டுப்போனது. என்னை ‘டீச்சர்’ என்று அவர்கள் மொழியில் கூப்பிட ஆரம்பித்தாள். நான் கிளம்பிய அன்று வாசல்வரை வந்து அழுதாள்.

ஊருக்குத் திரும்பியபின் உதவித்தொகைக்காக அந்த அனுபவத்தையெல்லாம் எழுதித் தொகுக்கும் வேலை. என்ன செய்தேன், எவ்வளவு நேரம் செய்தேன், அதற்குச் சாட்சியாகப் படம் என்ன. வீட்டுக் கூடத்தில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு படங்களைப் பொறுக்கினேன். நூல்கண்டு, தையல் மிஷின், வெட்டிப்போட்ட துணி. ஒன்றில்கூட ஆள் கிடையாது. அத்தனை ஜாக்கிரதையாக எடுத்தவள் நான்.

அவற்றில் ஒன்று காப்பகத்தின் பின்கட்டிலிருந்த அடிபம்பு. பம்பைச் சுற்றிய சிமென்ட் மேடையில் யாரோ ஈரம் காயும்முன் விரலால் பிள்ளையார் சுழி போட்டு, பக்கத்தில் ஒரு வேலும் வரைந்திருந்தார்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் எந்த நாட்டில் போர் போட்டாலும் தேங்காய் உடைக்காமல் ஆரம்பிக்க மாட்டார்கள். தண்ணீர் வந்துவிட்டால் இப்படி ஏதாவது கிறுக்கிவிட்டுத்தான் கிளம்புவார்கள். அங்கே முதல் வாரத்தில், வீட்டு நினைப்பில் அழுதுகொண்டிருந்த எனக்கு அதைப் பார்த்ததும் உயிர் வந்தது. அதனால் எடுத்த படம்.

அப்பா எட்டிப் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். இது யார் வண்டி போட்ட போர் என்று கேட்கலாம், எனக்கு அனுப்பு என்றார். நான் யோசித்தேன். படத்தில் ஆள் இல்லை, போர்டு இல்லை, ஊர் இல்லை. அனுப்பினேன். அப்பா ரிக் வண்டிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்.

சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் பதில் வந்துவிட்டது. தான்சானியாவில் ஒரு கம்பெனி வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் நாமக்கல்காரர், அந்த வேல் தன் கையால் போட்டது என்று ஊர், தெரு, சுவரின் நிறம் எல்லாவற்றையும் எழுதியிருந்தார். அப்பா உரக்கப் படித்துக்கொண்டே போனார். அந்தக் குழுவில் இருப்பவர்கள் அத்தனை பேரும் போர் வண்டி வைத்திருப்பவர்கள். அந்த வண்டிகளில் ஏதோ ஒன்றில்தான் அவள் புருஷன் வேலை செய்கிறான்.

அழிக்கச் சொல்லிக் கெஞ்சினேன். ஏன் என்று அப்பா கேட்டார். கையெழுத்துப் போட்டிருக்கிறேனே, எப்படிச் சொல்வது? அது தப்பு, அவ்வளவுதான் என்று கத்தினேன். முகம் சுண்டிப்போய் அழித்தார். மாடிக்கு ஓடிக் காப்பகத் தலைவிக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. மாற்றிவைக்க வேறோர் இடம் தேடுகிறேன், கிடைக்கும்வரை அவளை உள்ளறையைவிட்டு வெளியே விட மாட்டேன் என்றார். அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. நாமக்கல் ரோட்டில் ஏதாவது ரிக் வண்டி போனாலே ஓரமாக ஒதுங்கி நின்றேன். நானே என்னைச் சமாதானம் செய்துகொள்வேன்: எத்தனை வண்டி, எத்தனை ஹெல்பர், அவனுக்கு எப்படித் தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா சிரித்துக்கொண்டே போனை நீட்டினார். நான் கத்தியதிலிருந்து பேசாமலிருந்த மனிதர். மகள் அந்த ஊரை நினைத்து ஏங்குகிறாள் போலிருக்கிறது என்று அவராகவே முடிவு செய்திருக்கிறார். என் பெயரைச் சொல்லி அந்த நாமக்கல்காரர் மூலமாகக் காப்பகத்துக்கு அரிசி மூட்டை அனுப்பியிருந்தார். “பேசு சாமி. உன்ற ஆளுகளப் பாரு” என்றார்.

திரையில் காப்பகத்தின் முற்றம். தலைவி சர்ச்சுக்குப் போயிருந்த நேரம். என் பெயரையும் திரையில் என் முகத்தையும் பார்த்துவிட்டு, காவலாளி கதவைத் திறந்துவிட்டார். “நல்லாருக்கீங்களா அம்மணி? நீங்க சொல்லிக்குடுத்த புள்ளைங்க எல்லாம் வருதுங்க, பாருங்க” என்று நாமக்கல்காரர் போனைச் சுற்றிக் காட்டினார். நான் வாய் திறப்பதற்குள் ஒரு தோள் திரையை மறைத்தது. தோளில் அரிசி மூட்டை. மூட்டையைப் பிடித்திருந்த இடது கையில் இரண்டு விரல் இல்லை.

அவன் மூட்டையை இறக்கிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். நம் ஊர் வண்டியிலேயே இருந்து பழகிய தமிழ். “வணக்கம் அம்மணி. உள்ள கொழந்தைங்க இருக்குதுங்களா?” என்றான்.

சத்தியமாகச் சொல்கிறேன், அதற்குமுன் பட்டதெல்லாம் பயமே இல்லை. நாமக்கல்காரரிடம் தமிழில் சொன்னால் அவனுக்குப் புரியும். உள்ளே இருப்பவளை அவர்கள் மொழியில் எச்சரித்தால் அதுவும் அவனுக்குப் புரியும். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் நாமக்கல்காரருக்கும் புரியாது, அவளுக்கும் புரியாது. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். அப்பா பக்கத்தில் நின்று, ஏஞ்சாமி பேச மாட்டேங்கற என்று முதுகைத் தட்டினார்.

அதற்குள் உள்ளே செய்தி போய்விட்டது, டீச்சர் போனில் வந்திருக்கிறாள் என்று. நாமக்கல்காரரின் தோளுக்குப் பின்னால் வராந்தாக் கதவு திறப்பதைப் பார்த்தேன். அவள்தான். குழந்தை முதுகில் இருந்தது. திரையில் இருந்த என் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே, டீச்சர், டீச்சர் என்று கூப்பிட்டபடி முற்றத்தில் இறங்கி வந்தாள்.

அந்தக் குரலைக் கேட்டதும் அவன் திரும்பினான்.

பிறகு திரையில் வானம் தெரிந்தது, யாருடைய செருப்போ தெரிந்தது, ஒரு குழந்தையின் அலறல் கேட்டது. இணைப்பு அறுந்தது. நான் திருப்பித் திருப்பிக் கூப்பிட்டேன். யாரும் எடுக்கவில்லை. அப்பாவிடம் எல்லாவற்றையும் அப்போதுதான் சொன்னேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “நாந்தான் காட்டிக் குடுத்துட்டனா சாமி” என்றார். எனக்கு அவரைத் தேற்ற மனமில்லை. சாயங்காலம்வரை நாங்கள் அந்தப் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். அம்மா யாரிடமும் ஒன்றும் கேட்காமல் விளக்கேற்றி வைத்தாள்.

இருட்டியபின் தலைவி பேசினார். நாமக்கல்காரருக்கு ஒன்றும் புரியாவிட்டாலும், அவன் பாய்ந்ததைப் பார்த்து இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டாராம். அவன் குத்தியதில் மூக்கு உடைந்தும் விடவில்லையாம். அந்த இடைவெளியில் அவள் உள்ளே ஓடித் தாழ்ப்பாள் போட்டுவிட்டாள். போலீஸ் வருவதற்குள் அவன் ஓடிவிட்டான், இன்னும் பிடிபடவில்லை. அவளும் குழந்தையும் நல்லபடியாக இருக்கிறார்கள், வேறு ஊருக்கு அனுப்பியாகிவிட்டது என்றார். நான் வாய்விட்டு அழுதேன். நான் கேட்டிருந்த அனுபவச் சான்றிதழை நாளைக்கே அனுப்பிவிடுவதாகவும் சொன்னார். நல்ல மனுஷி.

அழுகை அடங்கியதும், அவளிடம் ஒரு வார்த்தை பேச முடியுமா, எந்த ஊரில் இருக்கிறாள் என்று கேட்டேன்.

“உன்மேல் அவளுக்குக் கோபமில்லை. உனக்கு மட்டும் சொல்லிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டுதான் வண்டி ஏறினாள்” என்றார்.