கம்பெனி வாடை

எண்ணெய், உரக் கம்பெனிகளுக்கு நடுவே வாழும் மணலிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த வாடை வந்தாலும் "கம்பெனி வாடை" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். அடுப்பில் சோறு தீய்ந்தால்கூட முதலில் ஜன்னலைத்தான் சாத்துவார்கள். ஜெயவேலின் மூக்கு அதற்கும் ஒருபடி மேலே போய்விட்டது. டேங்கர் லாரிகளுக்கு அடியில் படுத்து இருபத்தெட்டு வருஷம் மெக்கானிக் வேலை பார்த்ததில், நல்லது கெட்டது எதையும் சொல்லாமல் அது ஓய்ந்தே போனது. "நம்ம மூக்கு ரிட்டேர் ஆயிட்ச்சு மாமு" என்று ஷெட்டில் அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வார், மனுஷன்.

அவர் மனைவி ரமாபாய்க்கு மூக்கு நன்றாகத்தான் இருந்தது. நெஞ்சுதான் சரியில்லை. நாலு படி ஏறினால் இழுக்க ஆரம்பித்துவிடும். அவருக்கு இருந்தது ஒரே ஆசை. நாக்பூருக்குப் போய், பாபாசாகேப் பௌத்தம் தழுவிய தீட்சா பூமியில் அந்த அக்டோபர் நாளில் ஒருதடவை நிற்கவேண்டும். அவருடைய அப்பா அங்கே போய்வந்த கையோடுதான் மகளுக்குப் பாபாசாகேப்பின் மனைவி பெயரையே, ரமாபாய் என்று வைத்தார். ஆனால் அந்தச் சமயத்தில் ரயிலில் கால் வைக்க இடம் கிடைக்காது. இழுப்புக்காரியை அந்தக் கூட்டத்தில் எப்படி ஏற்றுவது?

அதனால்தான் கார். ராயபுரத்தில் ஒரு டாக்டர் வீட்டு ஷெட்டில், கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த அறுபத்தெட்டாம் வருஷத்து அம்பாசடர். இடம் காலியானால் போதும் என்று டாக்டரின் மகன் தூக்கிக் கொடுத்துவிட்டான். ஜெயவேல் எட்டு மாதம் அதோடு மல்லுக்கட்டினார். என்ஜினை இறக்கி ரிங் மாற்றினார். பிரேக்கைப் புதுசாகப் போட்டார். கார்புரேட்டருக்காகப் புளியந்தோப்புப் பழைய சாமான் கடைகளைச் சல்லடை போட்டுச் சலித்தார். பின்சீட்டை மட்டும் தையற்காரரிடம் விடாமல் தானே பிரித்து, பஞ்சு வைத்துத் தைத்தார். ரமாபாய் கால் நீட்டி, சாய்ந்தபடியே ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் போகவேண்டிய இடம் அது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் டேங்கை வழிய வழிய நிரப்பிக்கொண்டு, தடா வரைக்கும் ஓட்டிப் பார்க்கலாம் என்று இருவரும் கிளம்பினார்கள். மணலியைத் தாண்டுவதற்குள் பின்னாலிருந்து ரமாபாய் சொன்னார்.

"இன்னாயா, ஏதோ வாடை வர்து."

"கம்பெனி வாடைமே. காத்து இந்தாண்ட அடிக்குது. கண்ணாடிய ஏத்திக்கோ, மாதவரம் தாண்டுனா போய்டும்."

ரமாபாய் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். அவரும் மணலிக்காரிதானே, நம்பிவிட்டார். மாதவரம் போனது, செங்குன்றம் போனது. என்ஜின் ஒரு பிசிறு இல்லாமல் ஓடியது. ஜெயவேலுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. காது முழுக்க என்ஜினிலேயே இருந்தது.

கும்மிடிப்பூண்டி வந்தபோது, "இன்னும் வந்துகினேதான் கீது" என்றார் ரமாபாய். குரல் கம்மியிருந்தது.

"இங்கயும் கம்பெனிங்கதானேமே. கொஞ்சம் பொறுத்துக்கோ."

தடா நெருங்கும்போது இரண்டு பக்கமும் வயல்தான் இருந்தது. ஒரு புகைபோக்கிகூட இல்லை. பின்னாலிருந்து ஒரு கை அவர் தோளைத் தட்டியது. பேச்சு வரவில்லை, தட்டல் மட்டும் வந்தது. வண்டியை ஓரங்கட்டித் திரும்பிப் பார்த்தார். ரமாபாயின் உதடு நீலம் பாரித்திருந்தது.

கதவுகளைத் திறந்துபோட்டு, ஓடிப்போய் டிக்கியைத் திறந்தார். பெட்ரோல் ஊற்றும் வாயிலிருந்து டேங்குக்கு இறங்கும் ரப்பர் குழாய் வெடித்து ஒழுகிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் மாற்றியவர் அதை மட்டும் நன்றாக இருக்கிறது என்று விட்டிருந்தார். விரிப்பு முழுக்க ஈரம். விரலால் தொட்டு மூக்கில் வைத்துப் பார்த்தார். ஒன்றுமே தெரியவில்லை. எதிரில் இளநீர் விற்றுக்கொண்டிருந்தவர் அங்கிருந்தே, "பெட்ரோல் நாத்தம் இங்க வரைக்கும் வருதே சார்" என்றார். அந்த நிமிஷம் ஜெயவேலுக்குத் தன் மூக்கை அறுத்து எறியலாம் போல இருந்தது.

ரமாபாய் ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். இந்த வருஷம் தூரப் பயணம் கூடாது என்றார் டாக்டர். அடுத்த வருஷம் போகலாமா என்று ஜெயவேல் கேட்டதற்கு, அவர் மருந்துச் சீட்டை எழுதிக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்கு வந்த மறுநாளே ஜெயவேல் அந்தக் குழாயை மாற்றினார். இப்போது வண்டியில் குறை என்று சொல்ல எதுவும் இல்லை.

நாக்பூருக்குக் கிளம்புவதாக நாள் குறித்து வைத்திருந்த காலையில், ரமாபாய் தீட்சா பூமிக்கென்று எடுத்து வைத்திருந்த வெள்ளைப் புடவையைக் கட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து வெளியே வந்தார். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். ஜெயவேல் வந்து ஜன்னலருகே குனிந்தார்.

"இன்னாமே, இப்ப வாடை வர்தா?"

மூச்சு உள்ளே போகும் அளவுக்கு இழுத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் வர்ல. போலாம்யா" என்றார் ரமாபாய்.

நிஜமாகவே வரவில்லையா, போகவேண்டும் என்பதற்காகச் சொல்கிறாளா? ஜெயவேல் தலையை உள்ளே விட்டுத் தன் மூக்கால் ஆனமட்டும் இழுத்துப் பார்த்தார். அது வழக்கம்போலச் சும்மா இருந்தது. காதுக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. என்ஜின் ஓடாத வண்டிக்குள் ரமாபாயின் நெஞ்சு கீச்சுக்கீச்சென்று இழுத்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெளிவாகக் கேட்டது. எதைக் கழற்றி எதை மாற்றினால் அந்தச் சத்தம் நிற்கும் என்று தெரியாமல், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.